விடத் தெரியாத கை

என் மகளின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஓர் ஊசி போன இடம் இருக்கிறது. இப்போது யார் பார்த்தாலும் தெரியாது. குளிப்பாட்டும்போது என் விரல் மட்டும் தானாக அங்கே போய் நிற்கிறது. அந்த ஊசி அவளுக்குத் தேவைப்படவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் போட்டிருக்கவே மாட்டார்கள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்துவிட்டு எங்கள் ஊர் மாம்புரிக்குத் திரும்பியபோது, பிள்ளைக்கு என்ன என்று கேட்ட எல்லோரிடமும் "நரம்புல ஒரு பிரச்சினை, இப்ப சுகம்" என்றேன். கேட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்பதையும் இதில் சொல்கிறேன்.

நான் பொறியியல் படித்தவள். இயந்திரக் கை என்றால் எல்லோருக்கும் இரும்புதான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் அந்த இரும்புக் கைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். அவை சுழலும்போது ஒரு மனிதன் குறுக்கே போனால் அவன் பிழைக்கமாட்டான். நான் மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்டது கூண்டு வேண்டாத இயந்திரம். எலும்பே இல்லாமல் றப்பராலும் துணியாலும் செய்து, உள்ளே காற்றை ஊதி அசைய வைப்பது. முட்டையைத் தொட்டால் முட்டைக்கு ஏற்றபடி வளையும், மனிதக் கையைத் தொட்டால் அதற்கு ஏற்றபடி வளையும். நோயாளியைத் தூக்கலாம், வாதம் வந்தவரின் விரலை மடக்கி நீட்டலாம். மென்மையானது, ஆகவே தீங்கில்லாதது. இந்த "ஆகவே"யை நான் பல வருடம் நம்பியிருந்தேன்.

கலியாணமாகி மாம்புரிக்கு வந்து, ஸைனப் பிறந்து, படிப்பு பாதியில் நின்றது. கண்டியில் இருந்த என் பேராசிரியர் கடைசியாக ஒரு வருடம் தந்திருந்தார். ஸைனப்புக்கு ஒன்றரை வயது. பகலில் அவள் தூங்கினால்தான் எனக்கு எழுத நேரம். ஆனால் அவள் தனியே தூங்கமாட்டாள். தன் வலது கையை என் கைக்குள் கொடுத்துவிட்டு, அதை நான் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால்தான் கண் மூடுவாள். எழுந்து போனால் விழித்துவிடுவாள்.

அதற்காகத்தான் அந்த றப்பர் கையைச் செய்தேன். படிப்புக்குச் செய்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சைக்கிள் டியூபும், பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த சிலிக்கோனும் சேர்த்து ஒரு நீளப் பட்டை. மேலே என் கணவர் ரிஸ்மியின் பழைய சாரனில் தைத்த உறை. மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பம்ப். காற்றை வெளியே விட, புத்தளத்தில் பழுது பார்க்கும் திருத்தகம் ஒன்றில் வாங்கிய சலவை இயந்திரத்து வால்வு. எல்லாவற்றையும் நடத்தும் மின்சுற்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள். பட்டை பிள்ளையின் மேற்கையைச் சுற்றிக்கொள்ளும், மெல்ல அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். முட்டையில் சோதித்தேன். பழுத்த பப்பாளியில் சோதித்தேன். என் கையில், பிறகு அவர் கையில்.

"நல்லாத்தான் ஈக்குது," என்றார் அவர். "காலுக்கும் ஒண்டு செஞ்சு தா புள்ள. உப்பளத்துல நிண்டு நிண்டு கால் போச்சு."

அழுத்தம் கூடினால் நிறுத்தவும், நேரம் கூடினால் நிறுத்தவும் சுற்றில் ஏற்பாடு செய்திருந்தேன். இரண்டு வாரம் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது.

அந்த நாள் ஸைனப்புக்கு மூக்கொழுகும் தடிமன், இலேசான காய்ச்சல். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கரண்டி மருந்து கொடுத்தேன். அந்த மருந்து தூக்கம் வரவைக்கும். தடிமனுக்காகக் கொடுத்தேனா, தூங்கட்டும் என்று கொடுத்தேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் தூங்கியதும் றப்பர் கையைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்தேன். அன்று எழுதிக்கொண்டிருந்தது பாதுகாப்பு பற்றிய அத்தியாயம். "இவ்வகைக் கை அதன் இயல்பிலேயே மனிதருக்குத் தீங்கு செய்ய இயலாதது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியதும் மின்விசிறி நின்றது.

கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை. மடிக்கணினியில் பற்றரி இருந்தது. பிள்ளை வெக்கையில் எழும்புவாள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் நிச்சயம் எழும்புவாள் என்றும் நினைத்தேன். சத்தம் வராததால் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை மணி நேரம்.

அந்த வால்வு, கரண்ட் வரும்போது திறப்பது. கரண்ட் இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். வீட்டில் தண்ணீர் பெருகி ஓடாமலிருக்கச் சலவை இயந்திரத்துக்கு அப்படித்தான் வேண்டும். என் றப்பர் கைக்கு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். அழுத்தியபடி இருக்கும்போது கரண்ட் போனால் காற்றுக்கு வெளியேற வழியில்லை. நான் போட்ட காவல் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது, டின் கரண்டில் ஓடியது. கிழமைக்கு நாலு நாள் கரண்ட் போகும் ஊரில் இருந்துகொண்டு இதை நான் யோசிக்கவில்லை.

எழுதி முடித்து உள்ளே போனபோது பட்டை இறுகியபடியே இருந்தது, அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். காற்றுக் குழாயைப் பிடுங்கிக் கழற்றியபோது மேற்கையின் வெளிப்பக்கத்தில், உறையின் தையல் ஓரம் இருந்த இடத்தில், ஒரு சிவப்புக் கோடு. அரை மணியில் அது மறைந்தது. ஆனால் ஸைனப் எழும்பி விளையாட வந்தபோது, அவளது வலது கை மணிக்கட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கியது. மரத்திருக்கும் என்று தேய்த்துவிட்டேன். அவள் பிஸ்கட்டைப் பிடித்தாள். கையை நிமிர்த்த முடியவில்லை. விரலை விரிக்கவும் முடியவில்லை.

ரிஸ்மி வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தார், பிறகு பிஸ்கட் டின்னைப் பார்த்தார். ஒயர், டியூப், நேரம் கணிக்கும் சுற்று.

"ஆஸ்பத்திரியில இத மட்டும் வாயத் திறக்காத," என்றார். "வாசல்ல பொலிஸ் நிக்கிறான். வீட்டுல ஒயரும் டைமரும் வச்சு என்னமோ செய்யிறாங்க எண்டு ஒருத்தன் சொன்னாக் காணும். நாளைக்கு நான் எங்க ஈப்பேன் எண்டு உனக்குத் தெரியுமா?"

அது வீண் பயமில்லை. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. இதை எழுதும் இன்றும் புத்தளத்துக்குப் போகும் வழியில் பாலாவிச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பையைக் கொட்டித்தான் பார்க்கிறார்கள். டின்னைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தோம்.

மறுநாள் சிறுவர் வார்டில் எங்களைப் பார்த்தவர் ஒரு சின்ன வயது டொக்டர், சிங்களப் பிள்ளை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றதும் முகம் தெளிந்து ஆங்கிலத்திலேயே பேசினார். விழுந்தாளா? இல்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்தார்களா? இல்லை. கை எங்கேயாவது நெரிபட்டதா, அழுத்துப்பட்டதா?

கேள்வி அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் "இல்லை" என்றேன்.

பொலிசுக்குப் பயந்து சொன்ன இல்லை அது. அது உண்மை. அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும். ஒரு தாய் தன் பிள்ளையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் இருந்தாள் என்று அந்த டொக்டரின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னப் பிள்ளையின் கையோ காலோ காரணம் தெரியாமல் திடீரென்று சோர்ந்துவிட்டால், அது போலியோ இல்லை என்று நிரூபிக்கும்வரை ஆஸ்பத்திரி விடாது. சட்டமே அப்படி. அதிலும் காய்ச்சல் வேறு இருந்தது. மலத்தை இரண்டு நாள் இரண்டு போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். சுகாதாரப் பரிசோதகர் வீட்டுப் பக்கம் போய், சுற்றியிருக்கிற பிள்ளைகளைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார். இவ்வளவையும் டொக்டர் எனக்கு நிதானமாக விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் உடப்புக் கிராமத்திலிருந்து வந்த செல்வராணி அக்கா. மகனுக்குத் தொய்வு, மூச்சு இழுப்புக்கு முகத்தில் மருந்துப் புகை வைத்திருந்தார்கள். கணவர் கடலுக்குப் போகிறவர். வார்டில் எந்தக் கட்டிலில் யாருக்கு என்ன என்று அக்காவுக்குத் தெரியும்.

"உங்கட பிள்ளைக்குத்தான் தங்கச்சி பெரிய மரியாதை," என்றார். "கொழும்புக்குப் பீ போகுது, அதுவும் ஐஸ் போட்டு. எங்கட ஆள் பிடிக்கிற மீனுக்குக்கூட இவ்வளவு ஐஸ் கிடைக்கிறதில்ல."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்ததற்காகப் பிறகு என்னையே நொந்துகொண்டேன். நான் சாப்பிடாமல் இருப்பதைக் கண்டு அவர் தன் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தார். "தாய் கிடந்தா பிள்ளைய யார் பாக்கிற?" என்றார்.

இரண்டாம் நாள் காலை, முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. நரம்பில் கிருமியோ அழற்சியோ இருந்தால் அதில் தெரியும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையும் முழங்காலும் சேர வளைத்துப் பிடித்து, முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்குவார்கள். பயப்படுகிற அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் அசையக்கூடாது. அதற்குச் சம்மதக் கடிதம்.

கையெழுத்துப் போட்டேன். பேனையைக் கையில் வைத்தபடி ஒரு நிமிடம் நின்றேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. தயங்கினால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயந்து உடனேயே போட்டேன்.

கடிதத்தை வாங்கிய தாதி மிஸ்ஸி என் தோளைத் தட்டினார். "ஹொந்த அம்மா," என்றார். நல்ல அம்மா. மற்றத் தாய்மார் அழுது மறுக்கிறார்கள், நான் படித்தவள், விளங்கிக்கொண்டேன் என்று அரைத் தமிழில் சொன்னார்.

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவில் கண்ணாடிக்குப் பச்சை மை பூசியிருந்தது, மூலையில் கொஞ்சம் சுரண்டியிருந்தது. அதற்குள்ளால் பார்த்தேன். இறாலை வளைத்ததுபோல் என் பிள்ளையை வளைத்துப் பிடித்திருந்தார்கள். அவள் "உம்மா" என்று மட்டும் கத்தினாள். வேறு சொல் சொல்லவில்லை. என் பக்கத்தில் செல்வராணி அக்கா நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

நீர் தெளிவாக இருந்தது. கிருமி இல்லை.

மூன்றாம் நாள் ரிஸ்மி சோறு கொண்டுவந்தபோது முகம் சரியில்லை. சுகாதாரப் பரிசோதகர் எங்கள் றோட்டுக்கு வந்து போயிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பார்கள் போலிருக்கிறது. அதற்கு முன்பே ஊரில் கதை பரவிவிட்டது. எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களின் முகாம் இருக்கிறது. நோய் அங்கேயிருந்துதான் வந்தது என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள். இரு பக்கமும் தண்ணீர் அள்ளும் பொதுக் கிணறு ஒன்று உண்டு.

"கயிற அறுத்துட்டானுகள்," என்றார் ரிஸ்மி. "அதுகள் இப்ப மெயின் றோட்டுக் குழாய்க்கு நடக்குதுகள், வெயில்ல, குடத்தோட."

"நாம சொல்லுவோம்," என்றேன்.

"யாருக்கு? என்னண்டு?"

நான் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். அவள் ஒரு பருக்கையை வலது கையால் எடுத்தாள். அது விரலுக்குள்ளேயே இருந்துவிட்டது. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்து அதை எடுத்தாள். ஒன்றரை வயதில் அவளே அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தாள்.

நாலாம் நாள் பகல், வேலை முடிந்து போகவேண்டிய நேரத்தில் அந்த டொக்டர் வந்து எங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. ஸைனப்பின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் புத்தகம் எல்லாம் பார்த்துவிட்டேன்," என்றார். "கால் நன்றாக இருக்கிறது. இடது கை நன்றாக இருக்கிறது. இந்தக் கையிலும் ஒரே ஒரு நரம்பு மட்டும். பெரிய டொக்டர் நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார். நான் எதையோ தவறவிட்டிருக்கிறேன். முதல் நாள் உங்களிடம் நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று யோசிக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் சரியாகத்தான் கேட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். என் பொய்யை எடுத்துத் தன் குறையாக வைத்துக்கொண்டு, தூக்கமில்லாமல், என்னிடமே மன்னிப்புக் கேட்டார். போலியோவுக்கும் ஊசிக்கும் கிணற்றுக்கும் வாய் திறக்காதவள் அதற்கு மேல் தாங்கவில்லை. தொடக்கத்திலிருந்து சொன்னேன். தையல் ஓரம், வால்வு, ஒன்றரை மணி, நான் எழுதிய வரி, கட்டிலுக்கடியில் டின், பொலிஸ் பயம்.

நான் சொல்லி முடித்ததும் அவர், "அதை இங்கே கொண்டுவர முடியுமா?" என்றார். பிறகு அவரே எழுந்து போய், இது நோயாளியின் சிகிச்சை தொடர்பான கருவி என்று சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்திக் கொடுத்தார்.

சோறு கொண்டுவந்த ரிஸ்மி கடிதத்தோடு வீட்டுக்குப் போய் அதைக் கொண்டுவரும்வரை நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பின்னேரம் வந்து சேர்ந்தார், சட்டை நனைந்திருந்தது.

"சந்தியில நிண்டவன் கடிதத்த வாசிச்சான்," என்றார். "டின்னத் திறந்து பாத்தான். பொறகு இந்த றப்பர எடுத்து மடிச்சு மடிச்சுப் பாத்துட்டு, இதுக்குள்ள காத்தா எண்டு கேட்டான். ஓம் எண்டன். போகச் சொன்னான்."

அவ்வளவுதான். எதற்குப் பயந்து நாலு நாள் வாய் மூடியிருந்தேனோ அது அவ்வளவில் முடிந்தது. ஆனால் கடிதம் இல்லாமல் போயிருந்தால், வேறொருவன் நின்றிருந்தால் என்றும் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் நினைத்து நினைத்து இதில் மட்டும் எனக்கு முடிவு வரவில்லை.

டொக்டர் தன் சட்டைக் கையை மேலே மடித்து, பட்டையைச் சுற்றச் சொன்னார். பம்ப் ஓடியது. அழுத்தியது, விட்டது, அழுத்தியது. "நல்ல சுகம்," என்றார். அடுத்த முறை அழுத்தியதும், மற்றக் கையால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பட்டை அப்படியே நின்றது.

"இப்போது என்ன செய்யும்?"

"ஒன்றும் செய்யாது."

"விடாதா?"

"விடாது," என்றேன்.

முட்டையையும் பப்பாளியையும் வைத்துச் சோதித்த நான், ஒருநாளாவது அந்த பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததில்லை. ஒரு மருத்துவர் முதல் நிமிடத்திலேயே அதைச் செய்தார்.

தையல் ஓரம் அழுத்தும் இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். மேற்கை எலும்பின் பின்னால் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு கீழே இறங்குகிறது. மணிக்கட்டை நிமிர்த்துவதும் விரலை விரிப்பதும் அதன் வேலை. எலும்புக்கு நெருங்கி ஓடுவதால் வெளியிலிருந்து நீண்ட நேரம் அழுத்தினால் நசுங்கும். கதிரையில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கிவிடும் குடிகாரர்களுக்கும் இப்படி வருமாம். அறுபடவில்லையென்றால் ஆறு ஏழு கிழமையில் பெரும்பாலும் திரும்பிவிடும். பெரும்பாலும் என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார்.

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று ஒரு தடவை கேட்டார். நான் வாய் திறக்குமுன் கையை அசைத்து வேண்டாம் என்றார். கட்டிலில் தொங்கிய நோயாளிக் குறிப்பை, டிக்கட்டை, எடுத்து எழுதினார். அவர் போனபின் வாசித்தேன். "தாய் மேலதிக விபரம் தந்தார்." தாய் பொய் சொன்னாள் என்று எழுதவில்லை. அந்த வரியை இப்போதும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கொழும்புப் பயணம் நின்றது. மெல்லிய பலகைத் துண்டுக்குப் பஞ்சு சுற்றி, மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டிவிட்டார்கள். செல்வராணி அக்காவிடமும் சொன்னேன். அவர் மகனின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த ஊசிக்கு முந்தியே சொல்லியிருக்கலாம் தங்கச்சி," என்றார். அன்றும் பாணில் பாதியைத் தந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் முகாமுக்குப் போனேன். வாளியோடு றோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெஸீமா என்ற பெண்ணைக் கண்டேன், கைப்பிள்ளைக்காரி. முன்பு கிணற்றடியில் பேசிப் பழக்கம். என் பிள்ளைக்கு வந்தது தொற்றுநோய் இல்லை, உங்கள் தண்ணீரில் ஒன்றுமில்லை, நான் செய்த கருவியால் வந்தது என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எங்களுக்குத் தெரியாமலா ஈந்திச்சி? நாங்க அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறம்," என்றாள். "இத எனக்கு ஏன் சொல்றீங்க? உங்கட றோட்டுல போய்ச் சொல்லுங்க."

கிணற்றுக்குப் புதுக் கயிறு அன்றே ரிஸ்மி கட்டினார். றோட்டில் எல்லோருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்திக்குச் சொன்னால் அடுத்தவளுக்கு வேறு விதமாகப் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இது எங்கள் றோட்டுக்கும் சேர்த்து எழுதியது.

ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த வரியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் வால்வைப் பற்றி எழுதினேன்: கரண்ட் கொடுத்தால் மட்டும் மூட வேண்டும், போன நொடியில் தானாகத் திறக்க வேண்டும். மென்மை போதாது, விடத் தெரிய வேண்டும். புது வால்வு வாங்கி மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி என் கையில் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் விட்டது. ஸைனப்புக்கு அதைப் போடவில்லை. இனிப் போடமாட்டேன்.

அவளைப் பகலில் நானே தூங்கவைக்கிறேன். ஏழாவது கிழமையில் ஒருநாள், பலகைக் கட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தேன். வலது கையால் என் சுட்டு விரலைப் பிடித்திருந்தாள். வழக்கமாக அவள் தூங்கியபின் நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பேன். அன்று அவள் இன்னும் தூங்கவில்லை. கூரையில் ஒரு பல்லியைக் கண்டாள். அதைக் காட்டுவதற்காக மணிக்கட்டு மெல்ல நிமிர்ந்தது, விரல்கள் விரிந்தன, என் விரலை விட்டாள்.